மூன்றாவது சிலிண்டர் கொலை வழக்கு

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உன்னைப் பெறாத குறை ஒன்றைத் தவிர வேறு குறை வைக்காமல் வளர்த்த உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் சித்தி என்னைவிட நலம், அவளுடைய அருமைத் தம்பியான உன் மாமா, நான் பொறுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நலம். இந்த வீட்டில் உடம்பு சரியில்லாத ஒரே ஜீவன் நீ வாங்கிக்கொடுத்த கார்தான். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, காதை மூடிக்கொண்டுதான் குளிரில் வெளியே போகிறாயா என்பதை உடனே எழுது. போனில் சொல்ல வேண்டாம். நான் போனை எடுத்தால் உன் சித்தி இரண்டடி தள்ளி நின்று துணி மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். ஒரே துண்டை இருபது தடவை மடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கில் அவள் எதிரியின் அக்கா. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட உத்தரவு என் காதில் இன்னும் தேனாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. "யாரு இன்ஜினைக் கெடுத்தாங்களோ அவங்க இனிமே சாவியைத் தொடவே கூடாது, நீங்களே விசாரிச்சு எழுதுங்க சித்தப்பா" என்றாய். அடடா, என் கையில் தராசையும் கொடுத்து கத்தியையும் கொடுத்துவிட்டாய். முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டராக இருந்து, இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றபின் எனக்கு மிஞ்சிய ராஜ்யம் அந்த டிரைவர் சீட்டு ஒன்றுதான் என்பது உனக்கே தெரியும். அதில் உன் மாமா ஒருநாள் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துவிட்டுப் போனதையே நான் மூன்று மாதம் மறக்கவில்லை. இன்ஜினை மூழ்கடித்ததை ஏழு பிறவிக்கும் மறக்கமாட்டேன்.

குற்றம் நடந்த விதம் இதுதான். இரண்டு நாளாகக் கொட்டிய மழை அன்று வானத்தையே கழற்றிக் கீழே போட்டதுபோல் பெய்தது. உன் சித்தி நூலகத்தில் வேலை முடிந்து வெளியே வரமுடியாமல் நிற்கிறாள் என்று போன் வந்ததாம். நான் குளித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த உன் மாமா குளியலறைக் கதவைத் தட்டி அனுமதி கேட்டதாகவும், நான் "ம்" என்றதாகவும் சத்தியம் செய்கிறான். வாயில் சோப்பு நுரை போனால் அரசனும் "ம்" என்றுதான் சொல்வான். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போனதுகூடப் பரவாயில்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மேட்டு ரோடு ஒன்று சும்மா படுத்துக்கிடக்க, ரயில் பாலத்துக்கு அடியில் போகும் பள்ளத்தில் இறக்கியிருக்கிறான். அங்கே தண்ணீர் ஹெட்லைட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. உன் சித்தி பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டேய், இது ரோடா கடலா" என்று கேட்டிருக்கிறாள். "அக்கா, சும்மா இரு, அத்தான் கத்துக்கொடுத்த கை இது" என்றானாம். நடுப்பள்ளத்தில் வண்டி ஒரு தும்மல் தும்மி நின்றது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் அக்காவும் தம்பியும் ஒரே குரலில், "அப்புறம் தள்ளிட்டு வந்தோம்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" என்ற ஒரு சொல்லுக்குள்தான் கொலையே ஒளிந்திருக்கிறது என்று என் மூக்கு சொல்கிறது.

நான் ஒரு சபதம் போட்டிருக்கிறேன் கண்ணு. இந்த வழக்கு முடியும்வரை அவன் மருந்துக்கடையில் ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கமாட்டேன். அவன் காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது படிக்கட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். "அத்தான், கொஞ்சம் வழி" என்பான். நான் விளையாட்டுப் பக்கத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் காலை நகர்த்துவேன். நாளை மெக்கானிக் இன்ஜினைத் திறக்கிறாள். குற்றவாளியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன். தீர்ப்பை அங்கேயே, எல்லோர் முன்னாலும், உரத்த குரலில் வாசிப்பதாக இருக்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மேலே உள்ளதெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம், விசாரணை என்றால் எல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக்கை உனக்குத் தெரியாது. ஐம்பது வயது இருக்கும், கை இரண்டும் கிரீஸ், ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஷெட்டுக்குள்ளும் வாசலிலும் வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பல் டாக்டர், பேக்கரிக்காரர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்று தெரிந்த முகங்கள் டீ டம்ளரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் தீர்ப்புக்கு இவ்வளவு பெரிய கூட்டம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டரை எடுத்துப் பிழிந்தாள். ஒரு குடம் தண்ணீர். ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினாள். கறுப்பாக இருக்கவேண்டிய ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. பிறகு டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும் புல்லிச் சக்கரத்தில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தாள். சுற்றியது. "இப்ப ஸ்டார்ட்டர்ல ஒரு சுத்து விடுறேன். உள்ள இருக்கிற தண்ணி ஓட்டை வழியா மேல வரும், தள்ளி நில்லுங்க" என்று என் காதோடு சொன்னாள். நான் உடனே உன் மாமாவைப் பார்த்து, "மாப்ளே, நீ படிச்சவன், கிட்ட குனிஞ்சு பாரு, என்னமோ உள்ள மின்னுது" என்றேன். குனிந்தான். ஷெட்டின் தகரக் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது அந்த நீரூற்று. டீசலும் சேறும் கலந்து, வெள்ளைச் சட்டையில், மூக்குக்கண்ணாடியில், காதுக்குள். அந்த ஒரு நிமிட சந்தோஷத்துக்காக இன்னொரு காரை மூழ்கடித்தாலும் தகும் என்று தோன்றியது. நான் மனது கெட்டவன் என்று நீ நினைத்தால், ஆமாம்.

அதற்குமேல் அவள் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாள். நாலு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தாள். மூன்று பிஸ்டன்கள் விளிம்புவரை வந்து நின்றன. மூன்றாவது சிலிண்டரில் இருந்தது மட்டும் ஒரு அரிசி நீளம் கீழேயே நின்றுவிட்டது. அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றி, அந்தப் பிஸ்டனை மேல்வழியாக உருவி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடை மேசைமேல் நல்ல ராடு ஒன்றின் பக்கத்தில் வைத்தாள். கை முறுக்கிக்கொண்ட ஆள்போல அது வளைந்து கிடந்தது. அப்போதுதான் நீளமாகப் பேசினாள். "தண்ணி உள்ள போனதால இது வளையல மாஸ்டர். நின்ன வண்டியை அப்படியே விட்டிருந்தா, கழட்டிக் காய வெச்சு, ஆயில் மாத்தி நாலு நாள்ல ஓட்டியிருக்கலாம். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. உள்ள தண்ணி நிக்கிறப்போ யாரோ விடாம சாவியைத் திருப்பியிருக்காங்க. டீசல் வண்டி, அமுக்குற வேகம் ஜாஸ்தி. தண்ணி வழி விடல, ராடுதான் வளைஞ்சு வழி விட்டிருக்கு."

கட்டெறும்பே, நான் எழுந்தேன். தொண்டையைக் கனைத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "எத்தனை தடவை திருப்பினே, மறைக்காம சொல்லு" என்று இடி முழங்கினேன். உன் மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பதினேழு தடவை அத்தான். ஏழாவது தடவை பிடிச்சுது, டக டகன்னு அடிச்சுது, மறுபடி நின்னுபோச்சு. அதுக்கப்புறமும் விடல" என்றான். இதோ, குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். நான் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியத்தை எடுக்கப்போகும்போது, மெக்கானிக் ஜன்னல் திட்டைக் காட்டி, "இவரு மட்டும் இல்ல மாஸ்டர்" என்றாள். அங்கே எட்டு ராடுகள் வரிசையாக இருந்தன. எட்டும் வளைந்தவை. "இந்த மழைக்குப் பதினொரு வண்டி வந்துச்சு. இதோட ஒம்பது ராடு வளைஞ்சிருக்கு. மிச்ச ரெண்டு வண்டிக்காரங்களும் இந்த ஊருக்குப் புதுசு, வேற எங்கேயோ ஓட்டக் கத்துக்கிட்டவங்க. வண்டி நின்னதும் இறங்கித் தள்ளிட்டாங்க. இந்த ஒம்பது பேரும் ஏன் திருப்பினீங்கன்னு கேட்டா ஒரே பாட்டுத்தான் பாடுறாங்க. நின்ன வண்டியில சாவியை விட்டுடாதே, உயிர் வர்ற வரைக்கும் திருப்பு. யாரு இவங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

அவள் வெளியூர்க்காரி, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்குத் தெரிந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றுபோய், கையைத் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பிக்கும் புதுப்பிள்ளைகளுக்காக நான் கண்டுபிடித்த பாடம் அது. முப்பத்தோரு வருடம், ஒவ்வொரு முதல் வகுப்பிலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் தட்டித் தட்டிச் சொன்னேன். தண்ணீரைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீர் என் பாடத்திட்டத்திலேயே இல்லை. ஹெட்மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். பல் டாக்டர் என்னையும் என் வாயையும் பார்த்தார், அடுத்த வாரம் நான் அவரிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு நான் மெல்ல உட்கார்ந்தேன்.

அப்போது அந்தப் பாவி, சட்டையெல்லாம் டீசல் சொட்ட, முன்னால் வந்தான். "அத்தான் அன்னைக்கே சொன்னாரே, தண்ணில மட்டும் இந்த வேலை வேணாம்னு. நாமதான் பயத்துல மறந்துட்டோம்" என்றான். "அப்படியா சொன்னாரு, எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார் பேக்கரிக்காரர். "சொன்னாருங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தப்பு நம்ம மேலதான்" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சாதித்துவிட்டான். ஒருவர் தலையாட்ட, அடுத்தவரும் ஆட்டினார். எல்லோரும் மறுபடி டம்ளரைக் கையில் எடுத்தார்கள். நான் தூக்கில் போடவந்த ஆள் என்னைத் தூக்கிலிருந்து இறக்கிவிட்டான். இதைவிடக் கொடூரமாக ஒரு மனிதனைப் பழிவாங்க முடியுமா, நீயே சொல்.

நடந்து வீடு திரும்பும்போது, ஏண்டா பொய் சொன்னே என்று கேட்டேன். அவன் சட்டை நுனியைப் பிடித்து டீசலைப் பிழிந்தான். பிறகு, "அக்கா பின்னாடி உக்காந்திருக்கா, தண்ணி கதவு வழியா உள்ள வருது, வண்டி நின்னுபோச்சு. அப்ப நீங்க பக்கத்து சீட்ல இருந்து கத்துற மாதிரியே கேட்டுச்சு அத்தான். அந்தச் சத்தம் இருந்ததாலதான் பயப்படாம இருந்தேன்" என்றான். உன் சித்தியைத் தோளில் தாங்கி அவன் கரையேற்றியதை அவள் நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள், இத்தனை நாள் நான் கேட்கவே இல்லையாம். ஆமாம், நான் வண்டி எப்படி வந்தது என்றுதான் கேட்டேன்.

இன்று காலை மற்ற எட்டு பேர் வீட்டுக் கதவையும் தட்டி, அவன் சொன்னது பொய், நான் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லித்தரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பேக்கரிக்காரர் கதவைச் சாத்திவிட்டார். ஹெட்மாஸ்டர் என்னை வாசலில் நிற்கவைத்தே அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பல் டாக்டர் மட்டும் சிரித்துக்கொண்டே, "புதன்கிழமை வாங்க மாஸ்டர், மறக்காம வாங்க" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே, நீ கேட்ட பெயர் இதோ. வண்டியைத் தண்ணீரில் இறக்கியவன் உன் மாமா. இன்ஜினைக் கெடுத்தவன் உன் சித்தப்பா. உன் உத்தரவுப்படி சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன். எடுத்துக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது என்பதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன். ஆனால் நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. எல்லோர் முன்னாலும் என்னைக் காப்பாற்றிய குற்றத்துக்கு அவன் அனுபவித்தே ஆகவேண்டும். புது ராடு மாட்டும்போதே, பயிற்சிப் பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கம் இருக்குமே இரண்டாவது பிரேக், அதே மாதிரி ஒன்றை நம் வண்டியில் என் காலடியில் பொருத்தச் சொல்லிவிட்டேன். இனி அவன் எங்கே போனாலும் நான் பக்கத்து சீட்டில். சாகும்வரை. ஒவ்வொரு திருப்பத்திலும் மிதிப்பேன். செய்தியைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உன் சித்தி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நீண்ட ஆயுளோடு, வளையாத ராடுகளோடு, நூறு வருடம் நன்றாக ஓடவேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. முக்கியமாக ஒன்று, உனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். அங்கே மழையிலோ பனி உருகிய தண்ணீரிலோ வண்டி நின்றால், சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடு. அந்த நேரத்தில் உன் காதில் என் குரல் கேட்டால், கண்ணு, நான் சொல்வதைக் கேட்காதே.

சாவி இழந்தும் பிரேக் இழக்காத,
உன் சித்தப்பா