எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள காக்கா,

இன்று மதியம் உங்கள் மகள் எங்கள் துறைமுகக் கிளியரிங் ஆபீசுக்கு வந்து ஒரு துணிப்பையை என் மேசைமேல் வைத்தாள். “வாப்பா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருந்தாங்க மாமா. உம்மா இப்பதான் அலமாரியத் தொறந்தாங்க” என்றாள். பைக்குள் அந்தத் தடித்த நாவல். அட்டையைப் புரட்டியதும் உங்கள் அத்தர் வாசனை வந்தது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. கையெழுத்துக்காக எதிரே நின்ற லாரி டிரைவர், “என்ன சார், கண்ணுல தூசியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நம் பழக்கமே விசித்திரமானது. லேசில் முடிக்க முடியாத நாவல்களையும் அவற்றை எழுதியவர்களையும் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவதற்கென்றே முகநூலில் ஒரு குழு. நீங்கள் வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர், நான் இங்கே துறைமுகக் காகிதங்களோடு. காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்று தெரிந்ததும், உங்கள் ஊரில் அண்ணனை அழைப்பது போலக் காக்கா என்றேன். கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

வெளிநாடு போகுமுன் நீங்கள் இதே துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கண்ணால் பார்த்து எண்ணி, அதற்குப் பிறகே கையெழுத்துப் போடுகிற வேலை. அந்தப் பழக்கத்தைக் குழுவுக்கும் கொண்டுவந்தீர்கள். ஒருமுறை குரல்பதிவில் சொன்னீர்கள்: “பாக்காத மூட்டைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. எத்தன பக்கம் படிச்சிருக்கியளோ, அத மொதல்ல போடுங்க. பொறவு எழுத்தாளர ஏசுங்க.” அன்றிலிருந்து எல்லோரும் பக்க எண்ணைப் போட்டுவிட்டுத்தான் பேசினோம். “பக்கம் 64. ஒருவர் மூன்று நாளாக மாடிப்படி ஏறுகிறார். எனக்கு மூச்சு வாங்குகிறது” என்று நீங்கள் எழுதியதைப் படித்து ஆபீசில் தனியாகச் சிரித்தேன். உப்பளம் வைத்திருக்கும் அண்ணாச்சி, “பக்கம் 9. இத்தோடு விடைபெறுகிறேன்” என்று போட்டார். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

எனக்கு மட்டும் இருந்தது. இந்த நாவலை நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் தொடங்கினோம். ஒரு வாக்கியமே நான்கு பக்கம் போகும். நீங்கள் அலுக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தீர்கள். நான் 143-ல் மாட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிட்ட மப்பில், “பக்கம் 812. முடித்துவிட்டேன். எழுத்தாளருக்குத் தன் குரல்மேல் இருக்கும் ஆசையில் கால்வாசிகூட நம்மேல் இல்லை” என்று தட்டிவிட்டேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் மெச்சியது அதுதான். தெரியாதவர்கள்கூட எடுத்துப் பகிர்ந்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் சந்தேகம்: “நெசமாவே முடிச்சிட்டியளா?” நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் பதில் போட்டீர்கள். “தம்பி பக்கம் போட்டுட்டாருல்லா. அது போதும்.”

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மெச்சியவர்கள் முன்னால் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் சீக்காளியாகத் திரும்பி வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல் உங்களைப் பார்க்க வந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் இந்த நாவல். குழுவில் உங்கள் கடைசிப் பதிவு பக்கம் 590 என்றிருந்ததால், நீங்கள் அங்கேயே நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். “தம்பி, அந்த முடிவப் பத்திப் பேச ஒரு ஆளு இல்ல. நீங்கதான் படிச்சவிய. சொல்லுங்க” என்றீர்கள்.

சொன்னேன். படிக்காத முடிவைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொன்னேன். நாவல் முழுக்க வரும் அந்தக் கிழவர் கடைசியில் தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறார், கதவு சாத்தியிருக்கிறது, தட்டுகிறார் என்றேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். கண்ணைத் திறக்காமலே, “கதவு தொறக்குதா?” என்றீர்கள்.

“தொறக்குது காக்கா.”

“நல்லதாப் போச்சு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து உங்கள் ஊர் மையவாடியில் உங்களை அடக்கம் செய்தபோது, எல்லோரோடும் நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன்.

இன்று ஆபீசில் கூட்டம் குறைந்த பிறகு புத்தகத்தை நிதானமாகப் பார்த்தேன். அன்றன்றைக்கு நிறுத்திய இடத்தில் ஓரத்தில் சின்னப் பென்சில் கோடு. 590-ஐத் தாண்டியும் கோடுகள் போயின. எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், “முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுதித் தேதி போட்டிருந்தீர்கள். அது நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு நான்கு நாள் முந்தைய தேதி. அந்தப் பக்கத்தில் வீடும் இல்லை, கதவும் இல்லை. கிழவர் ஒரு ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ரயில் வரவில்லை. கதை அவ்வளவுதான்.

அதன்கீழே, கோணல்மாணலாக, இன்னொரு வரி: “தம்பி சொன்ன முடிவில் கதவு திறக்கிறது.”

எனக்கு அசிங்கமாக இருக்கிறது, காக்கா. முடிவைத் தெரிந்துகொள்ள நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் உங்களோடு உட்கார ஒரு ஆளைத் தேடியிருக்கிறீர்கள். படித்தவன் என்று என்னை நம்பிக் கூப்பிட்டீர்கள். நானோ, வராமலே வந்ததாகச் சொல்லிவிட்டேன். அது தெரிந்த பிறகும், என் முகம் வாடக் கூடாதென்று கதவு திறந்ததா என்று கேட்டீர்கள். ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சாயங்காலம் குழுவில் எழுதினேன். “பக்கம் 143. போன வருடம் நான் போட்ட 812 பொய். காக்கா என்னை நம்பி உங்களுக்குப் பதில் சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.” பிறகு அண்ணாச்சி மட்டும், “சரி, இனிமே படிங்க” என்று போட்டார்.

உங்கள் பிரதியிலேயே படிக்கிறேன். நீங்கள் நிறுத்திய கோட்டில்தான் நானும் நிறுத்துவேன். இன்றைக்கு 151. பாராத மூட்டைக்கு நீங்கள் ஒரே ஒரு முறைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அது என் மூட்டை. அதை 812 வரை முழுதாக இறக்கிவிட்டு மையவாடிக்கு வருகிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சைப் பற்றிப் பேசுவோம்.