என் பெயரில் வந்த ஸ்கோப்

செவ்வாய், இரவு.

மரவள்ளியைப் பன்றி தோண்டுகிறது என்று என் வீட்டுக்காரர் தன் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் கேட்டார். "காலேஜ் படிச்சவ நீதான, கம்மி வெலையில ஒண்ணு பாரு" என்றார். மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும் ஒன்றை நானே தேடி, என் பெயரில் ஆர்டர் போட்டேன்.

இன்று கச்சிராயபாளையம் போய்ப் பார்சலை வாங்கி வந்தார். துப்பாக்கியில் மாட்டி, வாசலில் நின்று திருகித் திருகிச் சோதித்தார்.

"ஏய், வேலியாண்ட நம்ம பாப்பா சிரிக்குதுடி. பல்லு வுழுந்த சந்துகூட தெரியுது!"

ஓடிப்போய்க் குழலைத் தட்டிவிட்டேன்.

"இன்னாத்துக்கு பயப்படற? உள்ள குண்டு இல்ல" என்று சிரித்தார்.

யாரிடம் போய்ச் சொல்வது? பில்லில் இருப்பது என் பெயர்.

பாப்பா தூங்குகிறாள். துப்பாக்கி பரணில் இருக்கிறது. ஸ்கோப்பைப் பற்றி அவ்வளவு படித்தேன். துப்பாக்கிக்குள் குண்டு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.