அச்சில் ஒட்டும் எழுத்து

1979 செப்டம்பர் 26, புதன்

மலைப் பக்கம் மூட்டம். இங்கே சுள்ளென்று வெயில். பெட்ரோல் வாசனை தலைக்கு ஏறிவிட்டது, காப்பியில்கூட அதே வாசனை.

இன்று ஒட்டியது. ஒட்டியது மட்டுமில்லை, இழுத்தால் சுத்தமாகப் பெயர்ந்தும் வந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி வந்தது. முத்தையா அண்ணன் மண்ணைக் கொட்டி இடி இடி என்று இடித்தார், எழுத்து அசையவில்லை. "என்னத்தா, பேய் புடிச்ச மாதிரில்ல புடிச்சிருக்கு" என்றார். எங்கள் வார்ப்புப் பட்டறையில் மண் அடிப்பவர் அவர். லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

அடுத்த வியாழன் மதுரை வக்கீலிடம் போக வேண்டும். பேட்டன்ட்டு எழுதுகிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை:

ஐயா, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்களுக்கு இரும்பில் அடுப்புக் கதவு வார்த்துக் கொடுப்பதுதான் எங்களுக்குச் சோறு. ஒவ்வொரு எஸ்டேட்காரருக்கும் கதவில் தன் பெயர் புடைத்து நிற்க வேண்டும். அதற்கு ஆசாரி ஒவ்வொரு எழுத்தாக மரத்தில் செதுக்கி, கதவின் மர அச்சில் ஆணி வைத்து அடிப்பார். அதை மண்ணில் பதித்து எடுத்து இரும்பை ஊற்றுவோம். அடுத்த எஸ்டேட்டுக்கு எல்லாவற்றையும் பிடுங்கி வேறு அடிக்க வேண்டும். ஆணி அடித்து அடித்து அச்சு சல்லடையாகிவிடும். நான் எழுத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, அரக்கு பூசி, பின்னால் பசை தடவி, மெழுகுத் தாளில் ஒட்டி வைக்கிறேன். தாளை உரித்து அச்சில் அழுத்த வேண்டியது. வேலை முடிந்ததும் உரித்து எடுக்க வேண்டியது. ஆணி இல்லை, ஆசாரி இல்லை.

நன்றாகத்தான் சொல்கிறேன். அவர் முன்னால் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

செப். 28, வெள்ளி

தூறல். எஸ்டேட் ஜீப்புகள் சேறாக வந்து நிற்கின்றன.

செய்ய:
குங்கிலியம் இன்னும் வாங்க
ரப்பர் ஷீட்டு, மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற சேட்டனிடம் சொல்லிவிட
பூஜைக்குப் பொரி, கடலை, வாழைக்கன்று
வக்கீலுக்குக் காட்ட 'அ'விலிருந்து முழு செட்டு

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடையாய் நடக்கிறேன். குழம்பில் உப்புப் போட்டேனா, ஞாபகமில்லை. இரண்டு தடவை போட்டிருக்கிறேன் என்று சாப்பிடும்போது தெரிந்தது. இவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

போன மாதம் வந்த கோயமுத்தூர் வியாபாரிதான் இந்த நமைச்சலைக் கிளப்பியது. மர அச்சுச் சாமான் விற்கிறவர். புளியங்கொட்டைப் பசை போட்ட பழைய எழுத்தைப் பார்த்தார். அது ஒட்டும், பிரியாது, பிய்த்தால் அட்டை கிழியும். அதைப் பார்த்தே, "இதைச் சரி பண்ணிட்டீங்கன்னா பேட்டன்ட்டு வாங்கிருங்கம்மா, இல்லாட்டி நானே போட்டு வித்துருவேன்" என்று சிரித்தார். சிரித்தார்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறை இவர் பெயரில். வீடு மாமனார் பெயரில். ரேஷன் கார்டில் நான் நாலாவது வரி. இது ஒன்றாவது, "கண்டுபிடித்தவர்: இந்திராணி" என்று கவர்மெண்டு முத்திரையோடு வரட்டும். எனக்கு வேண்டும். வெளியே சொன்னால் பேராசைக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இவரிடம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன். மதுரை போய் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. "சரி புள்ள, சரி புள்ள" என்றார். இவர் சரி என்றால் நம்புவதற்கில்லை.

செப். 30, ஞாயிறு. ஆயுத பூஜை

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

விடியற்காலையே பட்டறையைக் கழுவி, உலைக்கு மாலை போட்டு, சுத்தியல், கரண்டி, மண் இடிக்கிற கட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இன்றைக்கு ஒரு சாமானையும் தொடக்கூடாது. வருகிறவர்களுக்குப் பொரி கடலை கொடுத்து அனுப்புவதோடு சரி. வருஷா வருஷம் அப்படித்தான். எஸ்டேட் கணக்கப்பிள்ளைகள், ஏலக் கடைக்காரர்கள், சிலமலையிலிருந்து உறவுக்காரர்கள், தெருவில் பாதி. நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கைதட்டல். பூஜைக்கு யாராவது கைதட்டுவார்களா? எட்டிப் பார்த்தேன்.

இவர் புது வேட்டியில், நடுப்பட்டறையில், வக்கீலுக்காக நான் வெட்டி வைத்த செட்டைப் பரப்பிக்கொண்டு. ஒரு பலகையில் வந்தவர் ஒவ்வொருவர் பெயராக ஒட்டுகிறார், உரிக்கிறார், ஒட்டுகிறார். "பாத்தீகளா! ஆணி இருக்கா? ஒண்ணு இருக்கா? எல்லாம் எங்க வீட்டம்மா மூளை! ஒரு வருசமா மண்டைய ஒடச்சிக் கண்டுபுடிச்சது!" பொரிப் பொட்டலத்தோடு அவரவர் பெயர் எழுத்தையும் மெழுகுத் தாளோடு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், என்னமோ கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பதுபோல.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கரண்டியும் கையுமாக நின்றேன். ஒரு கணக்கப்பிள்ளை கும்பிடு போட்டார். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

கூட்டம் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க சொல்லிருந்தேன்?"

"பூசையன்னிக்கு ஆயுதத்தத் தொடப்படாது. வந்தவுகளுக்கு என்னத்தக் காட்டுறது? இதுக்குன்னா கை போதும்ல?"

"மூச்சு விடக் கூடாதுன்னேன்!"

"சாமி முன்னாடி வச்சதை ஒளிக்கவா முடியும்? விடு புள்ள. சனம் எப்படி அசந்து போச்சு, பாத்தேல்ல?"

பார்த்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

அக். 1, திங்கள்

விஜயதசமி. உலை மூட்டினோம். மூன்று கதவு ஊற்றியதில் ஒன்று குமிழ் விழுந்து பொக்கை.

கடைத்தெருவில் ஒரு மூட்டை தூக்குகிறவர் மண்வெட்டிக் காம்பில் தன் பெயரை ஒட்டிக்கொண்டு போகிறார். சைக்கிளில் ஒட்டியிருக்கிறார்கள். ஏலக்காய்க் கடைப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே திரும்பினாலும் என் எழுத்து. 'ழ' கொஞ்சம் கோணல். மாற்றி வெட்ட வேண்டும்.

"ஆத்தா, இன்னொரு 'சு' கொண்டாங்க, எம்மகன் பிச்சுப்புட்டான்" என்று ஒரு அம்மா வீட்டுக்கே வந்து கேட்டாள். கொடுத்தேன். என்ன செய்ய.

அக். 4, வியாழன்

மதுரை. இவரும் கூட வந்தார். போக வர பஸ்சு, இடுப்பு போய்விட்டது.

வக்கீல் மெலிந்த மனிதர், நிதானமாகப் பேசுகிறார். நாக்கு ஒட்டவில்லை, ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே சொன்னேன். எழுத்தை ஒட்டி உரித்துக் காட்டினேன். அவரே இரண்டு தடவை உரித்துப் பார்த்தார். பேனாவை எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதினார். என் பெயரை. முதலில்.

அப்புறம் கேட்டார். "இதை இதுக்கு முன்னாடி வெளியே யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் இவர், முகமெல்லாம் பல்லாக: "ஊருக்கே காட்டிட்டேன் சார்! பூசையன்னிக்கு!"

வக்கீல் பேனாவை மூடினார்.

ஊரறியக் காட்டிய சரக்குக்குப் பேட்டன்ட்டு கிடையாதாம். புதுசாக இருக்க வேண்டும். காட்டிவிட்டால் அது புதுசு இல்லை, ஊர்ச் சொத்து. கோபப்படாமல்தான் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. "நான் எம்பொண்டாட்டி செஞ்சதுன்னுதான சார் சொன்னேன்?" என்றார். "யார் செஞ்சதுன்னு சொன்னாலும் அப்படித்தான்யா."

எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது வக்கீல் மெழுகுத் தாளைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் பசை என்னம்மா?" என்றார். சொன்னேன். ரப்பரைப் பெட்ரோலில் ஊற வைத்து, குங்கிலியம் கலந்து. பஞ்சுபோலக் கரைய வேண்டும். குங்கிலியம் கூடினால் மண் சூட்டில் இளகும், குறைந்தால் பிடிக்காது. "எழுத்து போச்சு. பசை எப்படிச் செய்யறதுன்னு யாருக்கும் தெரியாதுன்னா, பசைக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம்" என்றார். கண்டுபிடித்தது நான் என்பதால் நானும், பட்டறை இவர் பெயரில் என்பதால் இவரும், யாருக்கும் சொல்லவில்லை என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

உயிர் திரும்பியது. பசைதான் முக்கியம். அட்டையை எவனும் வெட்டுவான்.

திரும்பும்போது ஆண்டிபட்டியில் பஸ் நின்றது. இவர் இறங்கிப் போய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அக். 5, வெள்ளி

மத்தியானம். கேட்காமல் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பசை எதுல செய்றதுன்னு யாருகிட்டயாச்சும் சொன்னீகளா?"

சோற்றைப் பிசைந்தார். பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேட்டவுகளுக்குச் சொன்னேன்."

"எத்தனை பேரு கேட்டாக?"

"எல்லாருந்தான் கேட்டாக." தலையைத் தூக்கவில்லை. "சும்மா ஒட்டுதுன்னு காட்டுனா, கடையில வாங்குன பசைன்னுதான நெனப்பாக? நீ கையெல்லாம் வெந்து, புகையில இருமி, எத்தனை தடவை தூரக் கொட்டினேன்னு அவுகளுக்குத் தெரிய வேணாமா?"

சொம்பு என் கையில் இருந்தது. அது சுவரில் போய் விழுந்தது. நசுங்கிவிட்டது, நல்ல பித்தளை.

இந்த ஊரில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டி பெயரை நாலு பேர் நடுவே இப்படித் தூக்கி வைத்துப் பேசியதில்லை. அதனாலேயே என் பெயர் போயிற்று. இதற்கு யாரிடம் போய் அழ. இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

அக். 6, சனி

மழை. அடுப்பு பற்றவில்லை, விறகு ஈரம். முத்தையா அண்ணன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எட்டத்திலேயே நின்று பேசுகிறார்.

இவர் வந்து நின்றார். "திங்கக்கெழம போவோம். யாருகிட்டயும் சொல்லலன்னு எழுதிக் குடுத்துருவோம்."

"பொய்யா?"

"ஒனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேனா?"

இந்த மனிதர் மாட்டுத் தரகரிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர். சொல்ல ஆரம்பித்தாலே காது சிவந்துவிடும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்றேன். எனக்கு வேண்டும், அவ்வளவுதான். ஊரில் யார் மதுரைக்குப் போய்ச் சாட்சி சொல்லப் போகிறார்கள்.

அக். 7, ஞாயிறு

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

இவர் காலையிலிருந்து தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "யாருக்கும் சொல்லலைங்க சார். சார், யாருக்குஞ் சொல்லல." கொல்லையில் கோழிகளிடம். காது சிவப்பாகத்தான் இருக்கிறது.

அக். 8, திங்கள்

இவர் வெரசாவே கிளம்பிவிட்டார், பஸ்சில் இடம் பிடிக்க. நான் இட்லியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வானம் வெளுத்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மதுரை வண்டி. சன்னலோரம் எனக்காகத் துண்டு போட்டிருந்தது. இவர் முதுகு தெரிந்தது, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர், கேட்டுக்கொண்டு. வாய் பிளந்துகொண்டு.

"...புளியங்கொட்டையக் காச்சிப் பாத்தா. ஒட்டிக்கிச்சு, பிரியல. பலாப்பால்ல பாத்தா, உள்ளங்கையெல்லாம் தோலு உரிஞ்சிருச்சு. சோறு தண்ணி கெடையாது அவளுக்கு. நான் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னே நெனச்சேன். ஒருநா சைக்கிள் கடையில பஞ்சரு ஒட்டுறதப் பாத்துட்டு வந்தாளா, அன்னிக்கே ரப்பர வெட்டிப் பெட்ரோல்ல ஊறப்போட்டுட்டா..."

யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிற வண்டியில்.

சன்னலுக்கு வெளியே நின்று முழுவதும் கேட்டேன். கை சுட்டதையும் விடவில்லை, நான் அழுததையும் விடவில்லை. அழுதது இவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

கண்டக்டர் விசில் ஊதினார். "ஏறுத்தா, வண்டிய எடுக்கணும்."

"இறங்குங்க" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்பது புரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து நின்றார். வண்டி நகர்ந்தது.

ராசிங்காபுரத்துக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அண்ணே! அந்தக் குங்கிலியம் எம்புட்டுன்னு சொல்லலையே!"

இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ரப்பருல பாதி!" என்று கத்தினேன். வண்டியோடு நாலு எட்டு ஓடினேன். "பொடிச்சு, சலிச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் போடணும்!"