பசுவின் பின்பாதி

டெமாய்ன்,
அக்டோபர் 8

அன்புள்ள டார்லீன்,

இங்கே நானும் வெண்டலும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது நீ அனுப்பிய படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நலம் விசாரித்து உன் நேரத்தை வீணாக்கவில்லை. டூசான் வெயில் உனக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது, முகத்தில் ஒரு மினுமினுப்பு. வெயிலில் எல்லோரும் கறுத்துப்போவார்கள், இவள் மட்டும் எப்படி மினுக்குகிறாள் என்று வெண்டலைக் கேட்டேன். "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது தாயே, தபால் வந்தாலே எனக்கு பயமா இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

படத்தில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பவள்தான் கிரெட்சன் என்று பின்னால் எழுதியிருந்தாய். எழுதாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். நீ மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஊரைக் காலி செய்துகொண்டு போனதிலிருந்து உன் கடிதத்தில் மகளைவிடப் பக்கத்து வீட்டுக்காரிதான் அதிகம் வருகிறாள். கிரெட்சன் தோட்டம், கிரெட்சன் சுட்ட ரொட்டி, கிரெட்சனின் முழங்கால் வலி. அவள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும், எனக்கென்ன. ஆனால் பழகி ஆறு மாதம்கூட ஆகாதவளுக்கு உன் தோளில் கையெல்லாம் எதற்கு? நான் என்றைக்காவது அப்படிக் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டேனா?

உங்கள் வாசிப்பு வட்டத்தில் படிக்கும் புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு குடும்பம் பேரிக்காய்த் தோப்பைப் பார்த்துக்கொண்டு மூன்று தலைமுறையாக வருத்தப்படுகிறது என்கிறாய். சரி, அப்புறம்? யாராவது செத்தார்களா? கொலை இல்லாத புத்தகத்தை நீ கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. இப்போது "நுட்பமான எழுத்து" என்று வேறு எழுதுகிறாய். அது உன் பேச்சு இல்லை, அவள் பேச்சு.

நம் பல் டாக்டரம்மா துப்பறியும் புதிய நாவல் வந்துவிட்டது. இந்தத் தடவை பிணம் படகுத் துறையில் கிடக்கிறது, வாயில் ஒரு பல்லைக் காணோம். நூலகத்தில் முதல் ஆளாக எடுத்தேன். வியாழக்கிழமைக்கு முன்னால் பேசி வைத்த அத்தியாயத்தைத் தாண்டக்கூடாது என்ற நம் சட்டம் இப்போது யாருக்கு? ஒரே மூச்சில் படித்து முடித்து, கொலைகாரன் பெயரை மட்டும் ஓர் அட்டையில் எழுதி உனக்குத் தபாலில் போடலாமா என்று பார்க்கிறேன். ஜாக்கிரதை.

வியாழக்கிழமை வழக்கம்போல் நம் தோழிகள் எல்லோரும் உணவுக்கடையில் கூடினோம். கறியும் பீன்ஸும் சேர்த்த சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரோலும் அப்படியேதான் இருக்கின்றன, உன் நாற்காலியில்தான் எல்லோரும் கோட்டுகளைக் குவித்து வைக்கிறார்கள். பெக் ஆரம்பித்தாள்: "ஆளாளுக்கு சொல்லுங்கடி, இப்ப என்ன படிக்கிறீங்க, இதுவரைக்கும் ஹாலோவீனுக்குப் போட்டதிலேயே பிடிச்ச வேஷம் எது?" வீட்டில் குப்பை சேராமல் வாழ்வது எப்படி என்ற புத்தகத்தை அவள் படிக்கிறாளாம். அதே புத்தகம் அவளிடம் ஏற்கனவே இரண்டு இருக்கிறது. பிடித்த வேஷம் சலவை இயந்திரமாம். சர்ச் ஹால் கதவில் அதோடு சிக்கிக்கொண்டு நின்றாளே, அதை மறந்துவிட்டுப் பெருமையாகச் சொல்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன்னை கேக்கவே வேணாம், பசுதான். ஆமா, இந்த வருஷம் பசு என்னடி ஆகும்? தலை அங்கே, வால் இங்கே!" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சில்லியில் இன்னும் கொஞ்சம் சீஸ் போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உனக்கென்ன, நம் பசு வேஷத்தில் நீ முன்பாதி. நிமிர்ந்து நின்றாய், 'ம்மா' என்றாய், கைத்தட்டல் வாங்கினாய். பின்னால் இருட்டில் குனிந்து, உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நீ என் கையில் ஒரு தட்டுத் தட்டினால் நடந்து, இரண்டு தட்டுத் தட்டினால் நின்றவள் நான். பிள்ளைகள் மிட்டாய்க்காக வாசலில் வந்து ஜோக் சொல்லும்போது, நல்ல ஜோக்குக்கு ஆடிய வாலும் மட்டமான ஜோக்குக்கு விழுந்த உதையும் என்னுடையவை. அதைப் பார்க்கத்தான் அடுத்த தெருப் பிள்ளைகள்கூட வந்தார்கள். உன் 'ம்மா'வுக்காக ஒரு பிள்ளையும் வரவில்லை என்பதை இப்போதாவது தெரிந்துகொள்.

மகளுக்கு என் அன்பு. பசுத் தலையை வெயில் படும் இடத்தில் வைக்காதே, காகிதக்கூழ் வெடித்துவிடும்.

அன்புடன்,
லோர்னா


டெமாய்ன்,
அக்டோபர் 19

டார்லீன்,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பசுவின் பின்பாதியைத் தபாலில் அனுப்பு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! கிரெட்சனுக்கு முழுப் பசுவையும் பார்க்க ஆசையாம். தலையை மாட்டிப் பார்த்தாளாம், ஒரே சிரிப்பாம். தலையை அவளுக்கு ஏன் கொடுத்தாய்? உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் விரலில் ஊசி குத்திக் குத்தித் தைத்த பசு அது. ரப்பர் கையுறையில் மடி வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான்.

பெட்டியை மேலிருந்து இறக்கினேன், அதை மறைக்கவில்லை. பின்பாதியை எடுத்து உதறினேன். தபாலுக்கென்று காகிதம்கூட எடுத்து வைத்தேன். பிறகு அவள் அதற்குள் குனிந்து உன் இடுப்பைப் பிடிப்பதை நினைத்தேன். அவ்வளவுதான், பெட்டி மறுபடி மேலே போய்விட்டது.

"இதெல்லாம் பொறாமை லோர்னா, வேற ஒண்ணும் இல்லை" என்கிறார் வெண்டல். ஆமாம், பொறாமைதான். யார் இல்லை என்றது? எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் படத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்து, அவள் முகத்தின் மேல் பூசணிக்காய் வடிவக் காந்தம் ஒன்றை வைத்திருக்கிறேன். காலையில் பால் எடுக்கும்போது ஓர் அற்ப சந்தோஷம்.

அதோடு, அவள் உயரத்துக்கு என் பின்பாதி எப்படிப் பற்றும்? கால் முழங்காலோடு நின்றுவிடும். பசுவுக்குக் கீழே செருப்புப் போட்ட கால்கள் தெரியும். உங்கள் ஊரில் பிள்ளைகள் ஜோக்கே சொல்ல மாட்டார்கள் என்று நீதானே எழுதினாய்? வந்து நின்று பையை நீட்டினால் மிட்டாயாம். இது என்ன ஊர்! உழைக்காமல் மிட்டாய் தின்னும் பிள்ளைகளுக்கு வால் எதற்கு?

நீ போனதிலிருந்து எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய்! ஒன்றிலாவது 'ஒரு தடவை வந்து போயேன்' என்று ஒரு வரி உண்டா? இப்போது சாமானை அனுப்பு என்கிறாய். ஆளை வா என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சாமான் கிடையாது. நம் ஊர் ஹாலோவீன் முப்பதாம் தேதிதானே, அன்று சாயங்காலம் அதை நானே போட்டுக்கொண்டு என் வாசலில் உட்காரப் போகிறேன். தலை இல்லாவிட்டால் போகிறது.

பல் டாக்டரம்மா கதையில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. கொலைகாரன் யார் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே ஆள் இருக்கிறதே.

லோர்னா


டெமாய்ன்,
நவம்பர் 1

என் அன்புள்ள டார்லீன்,

இதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

முப்பதாம் தேதி சொன்னபடியே செய்தேன். இடுப்புக்குக் கீழே பசு, மேலே என் பச்சை ஸ்வெட்டர். வாசல் விளக்கைப் போட்டு, மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். வெண்டல் பார்த்துவிட்டு, "பாதியில நின்ன வேலை மாதிரி இருக்கே" என்றார். பிள்ளைகள் அதைவிட மோசம். மூலை வீட்டுச் சின்னக் குட்டி, பூசணிக்காய் வேஷத்தில் வந்தவள், என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தலையை யாராவது தின்னுட்டாங்களா?" என்று கண் கலங்கிக் கேட்டாள். தின்னவில்லை, தலை வெளியூர் போயிருக்கிறது என்றேன். "வாலை விட்டுட்டா போயிடுச்சு?" என்றாள்.

ஜோக்குகள் வழக்கம்போல்தான். ஒரு விண்வெளி வீராங்கனை மட்டும் நன்றாகச் சொன்னாள்: "எங்க டீச்சரும் ஒரு சூனியக்காரியும் வேஷப் போட்டிக்குப் போனாங்க. டீச்சருக்குத்தான் பரிசு. டீச்சர் வேஷமே போடலை!" வாலை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, உன் 'ம்மா' வரும் என்று காத்திருந்தேன் டார்லீன். பழக்கம். அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். பிறகு நானே மெதுவாக 'ம்மா' என்றேன். பின்பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த நேரமெல்லாம் நான் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு அங்கே என்னென்ன கூத்து நடக்குமோ, கிரெட்சன் என்ன புதுப் பின்பாதி தைத்து வைத்திருக்கிறாளோ என்று.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. கிரெட்சன். என் எண்ணை உன் சமையலறைச் சுவரிலிருந்து எடுத்தாளாம். இனிமையான குரல், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "வெச்சுடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்றாள். பிறகு சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் நீ பசுத் தலையை மாட்டிக்கொண்டு வாசலில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாயாம். தெருவில் ஒரு பிள்ளை இல்லையாம். நாயோடு போன ஒருவரை நிறுத்தி ஜோக் சொல்லச் சொன்னாயாம், அவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாராம். அவள் வந்து, "டார்லீன், என்ன இது, ஹாலோவீன் நாளைக்குத்தானே?" என்று கேட்டாளாம். நம் ஊரைத் தவிர உலகம் முழுக்க முப்பத்தொன்றாம் தேதிதான் என்பது உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் முப்பதாம் தேதி சாயங்காலம் ஆனதும் உன் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது, என் கால் போன மாதிரியே. இரண்டு வாசலில் பாதிப் பாதியாக ஒரே பசு உட்கார்ந்திருக்கிறது, ஐயோ.

நீ ரொம்ப நேரம் தலையைக் கழற்றவே இல்லையாம். பாவமாக இருந்ததால் அவள், "நான் வேணா பின்னாடி வந்து நிக்கட்டுமா, ஒரு போர்வையை போத்திக்கிறேன்" என்றாளாம். தலைக்குள்ளிருந்தே நீ சொன்னாயாம்: "வேணாம். பின்னாடி ஆள் இருக்கு."

நான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நிறுத்தவில்லை. "பின்பாதியை அனுப்புன்னு எழுதச் சொன்னது நான் இல்லைங்க, எனக்குக் குனியவே முடியாது, முழங்கால் அப்படி. அவங்கதான் எழுதினாங்க. 'இதை எழுதினா அவளுக்கு கோபம் வரும், அனுப்ப மாட்டா, தூக்கிக்கிட்டு நேரே வந்து நிப்பா பாரு'ன்னு தினமும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு 'வா'ன்னே எழுதிடலாமேன்னேன். 'அவளா வரணும்'னுட்டாங்க" என்றாள். நீ கூப்பிட வேண்டும் என்று நான், நானாக வர வேண்டும் என்று நீ. இரண்டு பேருக்கும் இருக்கிற கொழுப்புக்கு நம்மை ஒரே தோலுக்குள் வைத்துத் தைத்தது சரிதான்.

கடைசியில் ஒன்று சொன்னாள், அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது. "உங்க பேரை கேட்டு கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. என் ரொட்டியைத் தின்னுட்டே 'லோர்னா ரொட்டி இப்படி வறண்டு இருக்காது'ம்பாங்க. பேரிக்காய்ப் புத்தகத்தை நாலு பக்கம் புரட்டிட்டு 'லோர்னாவா இருந்தா இந்நேரம் தூக்கி எறிஞ்சிருப்பா'ன்னாங்க. உங்ககிட்ட அப்படி என்னதான் இருக்குன்னு எனக்கு எரிச்சலா வரும்" என்றாள். பாவம், அவளுக்கும் எரிகிறது! அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. படத்தில் அவள் முகத்தின் மேலிருந்த பூசணிக்காயை எடுத்துவிட்டேன். கைமேல் மட்டும் வைத்திருக்கிறேன், உன் தோளில் இருக்கிறதே, அந்தக் கைமேல்.

வரும் வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வெண்டல் டிக்கெட் எடுத்துவிட்டார். "போய்ச் சேரு, எனக்கும் கொஞ்சம் நிம்மதி" என்றார். பின்பாதியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன், என் கைப்பையிலேயே வருகிறது. கூடவே பல் டாக்டரம்மாவும். கடைசி அத்தியாயத்தை நீ உரக்கப் படி. எனக்கு அந்தப் பல் வைத்தியக் கூடத்து உதவியாளன் மேல்தான் சந்தேகம், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஹாலோவீன் முடிந்துபோனால் என்ன, பசுவுக்குத் தேதியா தெரியும்? தலையைத் தூசி தட்டி வை. கிரெட்சனையும் கூப்பிடு, வாசலுக்கு வெளியே வந்து நிற்கட்டும். எல்லோரையும் போல அவளும் ஒரு ஜோக் சொல்லட்டும். நன்றாக இருந்தால் வால் ஆடும். இல்லாவிட்டால் உதைதான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். வந்ததும் அழுகை, சமாதானம் எதுவும் வேண்டாம், நம் இரண்டு பேருக்கும் அது வராது. ஜிப்பைப் போட்டு நான் உள்ளே குனிந்ததும், வழக்கம்போல் என் கையில் இரண்டு தட்டுத் தட்டு. நான் நின்றுகொள்கிறேன்.

என்றும் உன் பின்னால்,
லோர்னா