வெண்குன்றத்துப் புதிரும் வாய் திறவாத நாரையும்

முத்தும் மிளகும் குறையாத வெண்குன்ற நாட்டின் முதலமைச்சர், கயற்கொடித் தேவியாரின் வலக்கை போன்ற ஆதிரையனார் திருமுன்னர் மருதங்கோட்டு அமைச்சர் நல்லிறையனார் விடுக்கும் ஓலை. தங்கள் குளங்கள் நிறைக. தங்கள் தேவியார் சினமின்றி நெடிது வாழ்க.

எங்கள் மன்னர் இளவேங்கையர் மணம் பேசி ஆளனுப்பியபோது, தேவியார் கட்டப் புதிர் ஒன்றை அனுப்பி, பதினொரு குறிப்புக்கும் விடை நிரப்பினால் மாலை மாற்றலாம் என்றருளியது தாங்கள் அறிந்ததே. அன்று முதல் மன்னர் அரசவைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ‘நாண் உண்டு, நங்கை அல்ல, வளையும், வணங்காது’ என்ற குறிப்புக்கு எண்ணெய்க் குளியலின் நடுவே ‘வில்’ என்று விடை தோன்ற, சொட்டச் சொட்ட ஓடிவந்து சமையற்காரர் முதல் யானைப்பாகர் வரை எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். போரில் வென்ற நாளிலும் அந்த முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நல்லிறையனார் கண்டதில்லை.

இப்படிப் பத்து விடைகள் நிறைந்தன. பதினொன்றாவது குறிப்பு, ‘தலைவி விட்ட தூது, பேசத் தெரிந்ததால் அன்னையிடம் உளறிவிட்டது’ என்பது. கிளி என்று நல்லிறையனாருக்கு உடனே தெரிந்தது. அவர் வாய் திறக்குமுன், பழம்பாட்டில் தூது என்றால் நாரைதானே என்று மன்னர் ‘நாரை’ எனக் கீறிவிட்டார்.

எங்கள் நாட்டில் மன்னரின் எழுத்தாணி ஓலையில் கீறியது ஆணை. அதை மன்னராலும் திருத்தலாகாது. ஆகவே நாரை பேசும் என்பது இப்போது சட்டம். நல்லிறையனார் பணிவோடு தயங்க, நாரை பேசாவிட்டால் குறை கற்பிப்பவருடையதே, ஆதலால் நீரே கற்பியும் ஓய் என்று மன்னர் பணித்தருளினார்.

பத்து நாளாக, அறுபது வயது அமைச்சர் முழங்கால் நீரில் நின்று ‘வணக்கம்’ சொல்லிக் கொடுக்கிறார். நாரை ஒற்றைக் காலில் நின்று கேட்கிறது. இருமுறை அவர் மூக்கைக் கொத்தியதே இதுவரை கண்ட முன்னேற்றம். கரையில் அமர்ந்த புலவர்கள், மாணவருக்குப் பொறுமை அதிகம் என்கிறார்கள்.

அவ்விடை சரியென்று மெய்ப்பிக்க, வரும் முழுநிலா நாளில் நாரை தங்கள் அவையில் மன்னரின் காதலை மொழிய வேண்டும். மொழியாவிடில் மணம் முறியும். நல்லிறையனார் எஞ்சிய ஆயுளைக் குளத்திலேயே கழிக்க நேரும். ஆகவே நாரை அலகைத் திறந்ததும், எந்த ஒலி வந்தாலும், தேவியார் விளங்கியதுபோல் நாணித் தலைகுனிந்தருள வேண்டும். நாள்தோறும் புதிர் போட இத்தனை ஆவலுள்ள கணவர் வேறெங்கும் கிடைப்பதரிது என்பதையும் தேவியாரிடம் எடுத்துரைக்குமாறு நல்லிறையனார் தங்களை வேண்டுகிறார்.

மருதங்கோட்டு வேங்கை முத்திரை பொறித்து விடுத்த இவ்வோலையைப் படித்ததும் அடுப்பிலிடுக. நாரையோடு வரும் விருந்தினரை எந்த முறையிலும் வரவேற்கலாம். நாரைக்கு மட்டும் மீன் வழங்கலாகாது. அது அலகைத் திறப்பது பசித்தால் மட்டுமே.