கண்டவன் ரத்தம்

ராயப்பேட்டை
9.6.2025

மதுமதியின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் மதுமதியும் நலமா? என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை என்று என் எச்.ஐ.வி. கிருமியின் மரபணுவைச் சோதித்தார்கள். ‘சி’ வகை. நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு இதுதானாம். ஆறு வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு எடுத்த அதே சோதனையின் தாள், நான் வீட்டை விட்டு வந்தபோது என் பையோடு வந்துவிட்டிருந்தது. அதில் ‘ஏ’ வகை. இரண்டையும் டாக்டரிடம் காட்டினேன். “இது வேற, அது வேறம்மா. உங்ககிட்டேர்ந்து அவருக்குப் போகலை” என்றார்.

நான்தான் கொடுத்தேன் என்று சொல்லித்தானே வீட்டை விட்டு அனுப்பினீர்கள்? பெற்ற பெண், பதினான்கு வயது, பாண்டி பஜாரில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ஸ்வர்ணலதா

தி. நகர்
20.6.2025

ஸ்வர்ணலதாவுக்கு,

தாள்களை என் டாக்டரும் பார்த்தார். நீ சொன்னது சரிதான். ஆனால் என்னிடமிருந்தும் உனக்கு வரவில்லையே. அப்படியானால் யாரிடமிருந்து? அதைச் சொல், பிறகு மதுமதியிடம் பேசுகிறேன்.

சண்முகசுந்தரம்

ராயப்பேட்டை
23.6.2025

மதுமதியின் அப்பாவுக்கு,

கூச்சமில்லாமல் கேட்டுவிட்டீர்கள். கடைக்குச் சேலை எடுக்கப் போன ஊர்களில் உங்களுக்கு எங்கே வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மதுமதிக்கு நான்கு வயதில் என் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்த வங்கியிலிருந்து வந்ததை அத்தை திருப்பி அனுப்பினார்கள். “கண்டவன் ரத்தம் நம்ம மருமவ உடம்புல ஏறப்படாது” என்றார்கள். நீங்கள் ஓடிப்போய் உங்கள் மாமா மகன் கணேசமூர்த்தி அண்ணனைக் கூட்டி வந்தீர்கள். சொந்தக்காரர்தானே என்று அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சோதிக்கக்கூட இல்லை. அடுத்த வருடமே காசநோய் என்று சொல்லி அவரை எரித்தீர்கள். காசநோய்க்குப் பின்னால் இருந்தது என்ன என்று உங்களுக்கும் அத்தைக்கும் அன்றே தெரியும். எனக்குப் போன வாரம்தான் அவர் மனைவி சொன்னாள்.

வயிறு எரிகிறது. இதையும் சேர்த்து மதுமதியிடம் சொல்லுங்கள்.

ஸ்வர்ணலதா

தி. நகர்
2.7.2025

ஸ்வர்ணலதாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அழுதாள். கணேசமூர்த்தியின் இரண்டு பெண்களும் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், இது வெளியே வந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. மதுமதியிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. உன் பெயர் எப்படியும் கெட்டுப்போய்விட்டது. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சண்முகசுந்தரம்