நான் அழித்த வாக்கு

நான் இராமநாதன், புனேயில் உங்களோடு மொழி ஆவணக் காப்பகத்தில் ஒலிப்பதிவுகளைச் சரிபார்த்தவன். நீங்கள் மறைந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. உங்களிடம் மறைத்த ஒன்றை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இன்று காலை உங்கள் மகளின் மின்னஞ்சல் வந்தது. உங்கள் அண்ணன், ஊரிலுள்ள வீட்டைக் காலி செய்யச் சொல்கிறாராம். வீட்டை உங்களுக்கு அவர் விட்டுக்கொடுத்தபோது வேறு சாட்சி இல்லை. நீங்கள் எடுத்த ஒலிப்பதிவு ஒன்றுதான் சாட்சி. அதை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

புனேயின் கேம்ப் பகுதியில் நம் அலுவலகத்தில் அதை மூன்று முறை போட்டுக்காட்டினீர்கள். மேற்குக் கென்யாவில் உங்கள் ஊர். அண்ணன் மூத்த தாரத்தின் மகன். அவர் தாய்மொழி லுயா, உங்களுடையது லுவோ. பதிவில், வீட்டுக்கான சண்டையில் லுயாவில் கத்திக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவே லுவோவுக்கு மாறினார். குரல் தணிந்தது.

"கேட்டீர்களா சாஹேப்? சண்டையில் எதிராளியின் தாய்மொழிக்கு வந்துவிட்டால், எங்கள் ஊரில் அது வாக்குக் கொடுத்ததற்குச் சமம்" என்றீர்கள். உங்கள் கண்கள் கலங்கியிருந்தன.

நான் விதியைச் சொன்னேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மொழி. கலந்தவை காப்பகத்தில் ஏற்கப்படா.

"அரே சாஹேப், உங்கள் விதிப்படி எங்கள் ஊரே பாதி நாள் ஊமை! சற்று முன் போனில் வீட்டாரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'பாஜி தாஜாவா இருந்தா வாங்கு, நஹீ தோ வேண்டாம்.' உங்களையும் நீக்கிவிடலாமா?"

காய்கறி புதிதாக இருந்தால் வாங்கச் சொன்ன என் வாக்கியத்தில் பாதி இந்தி; அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

நீங்கள் விடுப்பில் இருந்த வாரத்தில் அந்தப் பதிவை நிரந்தரமாக அழித்தேன். வேறு பிரதி உண்டா என்று உங்களைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்க விதியில் இடமில்லை. திரும்பி வந்து விசாரித்தீர்கள். "இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்றேன். என்னை நம்பினீர்கள். அடுத்த மாதமே ஒரு காய்ச்சல் நான்கு நாள்களில் உங்களைக் கொண்டுபோயிற்று.

மின்னஞ்சலைப் படித்த நம் கணினிப் பிரிவுக் குமார், "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு எழுதிடுங்க சார். கென்யாலேர்ந்து யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். அதை ஆங்கிலத்தில் தட்டி, முக்கால் மணி நேரம் அந்த வாக்கியத்தைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்த்தியான வாக்கியம், ஒரே மொழியில் இருந்தது.

பதிவிலிருந்த இரு மொழிகளும் எனக்குத் தெரியா. பொருள் நீங்கள் சொல்லித் தெரிந்தது. நானாக அறிந்தது அந்தக் குரல் தணிந்த இடம் மட்டுமே. வழக்கில் இது எவ்வளவு நிற்குமோ, அறியேன்.

திரையிலிருந்த அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். இன்று பிற்பகல் நோட்டரியின் முன் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடுவேன்: பதிவு இருந்தது, மூன்று முறை கேட்டேன், அழித்தவன் நானே. ஒரு பிரதி உங்கள் மகளுக்குப் போகும். மற்றொன்றை, வேலை போனாலும் சரி, நம் இயக்குநரின் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன்.